மேலாளர் 'சி', மூத்தவர் 'எஸ்', நடுவில் நான் 'டி': இவர்களிடம் எப்படிப் பேசுவது?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது. டீம் லீட் ஆகி நான்கு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க 'டிஸ்க்' (DISC) என்ற நடத்தைப் பாணி முறை பற்றிப் பயிற்சி நடத்தி, கேள்வித்தாளை நிரப்ப வைத்து, ஆளுக்கொரு எழுத்தும் ஒரு வண்ண அட்டையும் கொடுத்திருக்கிறார்கள். இவருக்கு 'டி', அதாவது ஆதிக்கம். மேலாளருக்கு 'சி', அதாவது துல்லியம். அந்த மேலாளர் மெயிலுக்குப் பதிலே போடுவதில்லை, நேரில் கேட்டால் "டேட்டா எங்கே?" என்கிறார். குழுவில் வயதில் மூத்த ஒருவருக்கு 'எஸ்', அதாவது நிதானம். அவர் எதற்கும் "சரிங்க" என்கிறார், கெடு நாளன்று பார்த்தால் வேலை பாதியில் நிற்கிறது. இந்த எழுத்துகளை வைத்து இருவரிடமும் எப்படிப் பேசுவது, இதெல்லாம் உண்மைதானா, அந்த அட்டையை மேஜை மேல் வைக்கச் சொல்கிறார்களே, வைக்கலாமா என்று மூன்று கேள்விகள்.

நான் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் முதலில் பர்ச்சேஸிலும் பிறகு பயிற்சிப் பிரிவிலுமாக இருபது வருடங்களுக்கு மேல் இருந்தவன். இதே மாதிரி அட்டையை நானே நூற்றுக்கணக்கான பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு குறை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மேலாளரின் மௌனத்தையும் மூத்தவரின் 'சரிங்க'வையும் அவரவர் குணம் என்று அந்த அட்டை உங்களுக்குச் சொல்லியிருக்கும். எனக்கு வேறு சந்தேகம். இரண்டுமே உங்கள் வேகத்துக்கு அவர்கள் தரும் பதிலாக இருக்கலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இந்த எழுத்துகள் பிறந்த கதையே அப்படி. 1928-ல் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதியதிலிருந்து வந்தவை இவை. சுவாரசியமான ஆள். ரத்த அழுத்தத்தை அளந்து பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கிளம்பினார், ஆனால் 1923-ல் ஃப்ரை வழக்கில் வாஷிங்டன் நீதிமன்றம் அவருடைய சோதனையை ஏற்க மறுத்தது. பின்னால் 1941-ல் வொண்டர் வுமன் காமிக்ஸ் பாத்திரத்தை உருவாக்கியதும் இதே மனிதர்தான். அவர் கேட்ட கேள்விகள் இரண்டு. எதிரில் இருக்கும் சூழல் எனக்குச் சாதகமா, பாதகமா? அதைவிட நான் பலமா, பலவீனமா? பாதகமான இடத்தில் தன்னைப் பலமாக உணர்பவர் மோதி வெல்லப் பார்ப்பார். பலவீனமாக உணர்பவர் ஒதுங்கி, அதன் போக்குக்குத் தன்னைச் சரிசெய்துகொள்வார். சாதகமான இடத்தில் பலமாக உணர்பவர் பேசி மற்றவர்களைத் தன் பக்கம் இழுப்பார். பலவீனமாக உணர்பவர் விட்டுக்கொடுத்து ஒத்துப்போவார்.

கவனியுங்கள், நான்கிலும் 'சூழல்' இருக்கிறது. இது எல்லா மனிதரும் நேரத்துக்கு நேரம் செய்கிற நான்கு காரியங்களின் பட்டியல். மார்ஸ்டன் கேள்வித்தாள் எதையும் தயாரிக்கவில்லை. அதை வால்டர் கிளார்க் என்பவர் பின்னால் தொடங்கிவைத்தார். இன்று பயிற்சி அறைகளில் பார்க்கிற வடிவத்துக்கு 1970-களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கையர் கொண்டுவந்தார். வழியில் பெயர்களும் மாறின. மார்ஸ்டன் 'எஸ்' என்று குறித்தது பணிந்துபோவதை. அது இப்போது நிதானம் ஆகிவிட்டது. காசு கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்புகிற கம்பெனியின் ஊழியர் கையில் 'நீ பணிந்துபோகிறவன்' என்று அட்டை கொடுக்க முடியுமா, அதனால் இருக்கும்.

உண்மைதானா என்ற கேள்விக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணச் சோதனை வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே காகிதம், அதுவும் பெரும்பாலும் கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு 'அப்படியே நான்தான்' என்று வியந்திருந்தால், கிளி ஜோசியர் முன்னால் உட்கார்ந்திருப்பவரும் அப்படித்தான் வியக்கிறார் என்று ஞாபகம் வையுங்கள். இந்த வகைக் கேள்வித்தாளை வெளியிடும் பெரிய நிறுவனங்களில் ஒன்றான வைலியே, வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறது. பதவி உயர்வுக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து.

சரி, அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். இதன் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் உதவியது. டேவிட் மெரில், ரோஜர் ரீட் என்ற இருவர் சொன்ன முறை. 'நீ எப்படிப்பட்டவன்' என்று ஒருவரிடமே கேட்பதைவிட, கூட வேலை செய்கிறவர்கள் அவரிடம் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்பதையே அவர்கள் நம்பினார்கள். பார்க்க வேண்டியதும் இரண்டே இரண்டு. ஒருவர் தன் கருத்தை அடித்துச் சொல்கிறவரா, கேள்வியாகக் கேட்கிறவரா? உணர்ச்சியை முகத்தில் காட்டுகிறவரா, அடக்குகிறவரா? இதற்கு எந்தக் கேள்வித்தாளும் தேவையில்லை. ஒரு வாரம் மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டு கவனித்தாலே தெரிந்துவிடும், அது டீம் லீடுகளுக்குக் கஷ்டம் என்றாலும்.

அவர்கள் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது, நெருக்கடி வந்தால் என்ன ஆகும் என்ற பகுதி. சொல்லி, அடக்கி நடக்கிறவர் இன்னும் அதிகாரமாக உத்தரவு போடுவார். சொல்லி, காட்டுகிறவர் பாய்வார். கேட்டு, காட்டுகிறவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார். கேட்டு, அடக்குகிறவர் தவிர்ப்பார், காணாமல் போவார். இப்போது உங்கள் கேள்வியை மறுபடி படியுங்கள். தலையாட்டுகிற மூத்தவரும் மெயிலுக்குப் பதில் போடாத மேலாளரும் அப்படியே இருக்கிறார்கள் அல்லவா? இருவருமே ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறார்கள். அவர்களோடு சாதாரண நாளில் பேசிய அனுபவம் உங்களுக்கு இன்னும் கிடைக்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

எனக்கு இது புரிந்தது அடி வாங்கித்தான். பர்ச்சேஸில் இருந்தபோது எங்கள் தரக்கட்டுப்பாட்டுத் தலைவருக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. நான் பேச்சுக்காரன். ஒரு தடவை புதிதாக ஒரு ஃபவுண்டரியை, அதாவது வார்ப்பாலையை, பிடித்துவிட்டேன். பம்ப் கேஸிங் காஸ்டிங் (பம்பின் வெளிக்கூட்டு வார்ப்பு), கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைவு. அதே உற்சாகத்தில் அவர் அறைக்குள் போய், "சார், பிரமாதமான பார்ட்டி சார், நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ப்ளோ ஹோல் எத்தனை பர்சன்ட்?" என்றார். வார்ப்பில் காற்றுக்குமிழால் விழும் ஓட்டையைத்தான் கேட்கிறார்.

"கம்மிதான் சார்."

"கம்மின்னா?"

அத்தோடு பேச்சு முடிந்தது. என் நேர்மையையே சந்தேகப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஒரு மெயில், அடுத்த நாள் ரிமைண்டர், அப்புறம் அவருடைய மேலதிகாரியை சிசி-யில் போட்டு இன்னொரு ரிமைண்டர். இரண்டு மாதம் ஃபைல் அசையவில்லை.

கடைசியில் கண்ணைத் திறந்தவர் அவருடைய பிரிவிலேயே இருந்த ஒரு இன்ஸ்பெக்டர். டீக்கடையில் வைத்துச் சொன்னார்: "அவரு உங்களச் சந்தேகப்படலீங்க. நாளைக்கு ஹைட்ரோ டெஸ்ட்ல காஸ்டிங் ஒழுகுச்சுன்னா, கையெழுத்து யாரோடதுன்னு கேப்பாங்கல்ல. அதத்தான் பாக்கறாரு." எனக்கு நான்கு ரூபாய் லாபம் தெரிந்த இடத்தில் அவருக்குத் தன் கையெழுத்து தெரிந்திருக்கிறது. நான் சிசி போடப் போட அவருக்குச் சூழல் இன்னும் பாதகமாகிக்கொண்டே போயிருக்கிறது.

பிறகு செய்தது இது. 200 பீஸ் ட்ரையல் லாட் எடுத்தேன். மெஷினிங் முடிந்த பிறகு எத்தனை கழிந்தது, எதனால் கழிந்தது என்று ஒரே பக்கத்தில் எழுதினேன். கழிந்த கணக்கை மேலே போட்டேன், விலை குறைவை அடியில் போட்டேன். புதியவர் சொதப்பினால் பழைய சப்ளையரிடம் எத்தனை நாளில் திரும்பலாம் என்றும் ஒரு வரி. செவ்வாய்க்கிழமை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன், ரிமைண்டர் போடவில்லை. வியாழக்கிழமை போய், "இதுல விட்டுப்போனது ஏதாவது இருக்குங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன். மனிதர் உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கேள்வி கேட்டார், முதல் மூன்று லாட்டுக்கு ஒவ்வொரு பீஸையும் டெஸ்ட் செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டார், அந்த வாரமே கையெழுத்து வந்தது.

உங்கள் மேலாளருக்கும் இதே வரிசையைப் பரிந்துரைக்கிறேன். காகிதம் முதலில், பேச்சு பிறகு. கெட்ட எண் மேலே, நல்ல எண் கீழே. அவர் "டேட்டா எங்கே?" என்று கேட்பதை மறுப்பாக எண்ணாமல், 'நாளை யாராவது கேட்டால் நான் என்ன சொல்ல?' என்று மனதுக்குள் மாற்றிப் படித்துப் பாருங்கள். 'வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்' என்று மெயில் போடச் சிலர் சொல்லித்தருவார்கள். உங்கள் மேலாளரிடம் இப்போதைக்கு அதைச் செய்யாதீர்கள். நம்பிக்கை வந்த பிறகு அது வசதி, அதற்கு முன்னால் மிரட்டல்.

இப்போது மூத்தவர். இவருக்குத்தான் அதிக இடம் வேண்டும், ஏனென்றால் அந்த அட்டையை அச்சடித்தவர்களுக்கு நம் ஊர் 'சரி' தெரியாது.

வெறும் "சரிங்க" என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான், ஒப்புக்கொண்டார் என்று அதில் எங்கும் இல்லை. "சரிங்க, பாத்துக்கலாம்" என்றால் ஏதோ இடிக்கிறது, அதைச் சொல்ல இது இடமில்லை. "சரி சரி" என்று வேகமாக இரண்டு தடவை வந்தால் பேச்சை முடி என்று பொருள். "சரி..." என்று இழுத்தால், தயவுசெய்து அந்த இடத்தில் நிறுத்துங்கள், அவர் சொல்ல வந்தது தொண்டை வரை வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஆபத்தானது "நீங்க சொன்னாச் சரியாத்தாங்க இருக்கும்" என்பது. அந்த நொடியில் பொறுப்பு உங்கள் தோளுக்கு மாறிவிட்டது, நீங்கள்தான் கவனிக்கவில்லை.

வினைமுற்றையும் கேளுங்கள். "செஞ்சுரலாங்க" என்பதில் யார் செய்வது என்பதே இல்லை, காற்று வந்து செய்துவிட்டுப் போகும். "செஞ்சுர்றேங்க" என்று வந்தால்தான் அவர் தன் பெயரைப் போடுகிறார். நான் இதைக் கண்டுபிடித்த பிறகு என் மீட்டிங் குறிப்பில் 'லாம்' என்று வந்ததற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன். கெடு தவறியவற்றை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் புள்ளி வைத்தவையாகவே இருக்கும்.

இன்னொன்று. அவர் உங்களைவிட மூத்தவர், நான்கு மாதம் முன்பு வரை பக்கத்து சீட். பத்துப் பேர் இருக்கிற மீட்டிங்கில் "இது இந்த வாரம் ஆகாது தம்பி" என்று அவர் சொன்னால், புதிதாகப் பொறுப்புக்கு வந்த சின்னவரைச் சபையில் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். அவர் வாயை மூடிக்கொண்டிருப்பது உங்களுக்குச் செய்கிற மரியாதை. நீங்கள் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறீர்கள்.

அதனால் மீட்டிங்கில் அவரிடம் தேதி கேட்காதீர்கள். அதற்கு முன்னால் அவர் சீட்டுக்குப் போங்கள், இல்லை டீக்குக் கூட்டிப்போங்கள். இதுவரை அண்ணே என்று கூப்பிட்டிருந்தால் இப்போதும் அண்ணே என்றே கூப்பிடுங்கள், பதவி வந்ததும் பெயருக்கு மாறாதீர்கள். அதைவிட முக்கியம், "முடியுமா?" என்று கேட்காமல் இருப்பது. மேலே இருப்பவர் முடியுமா என்று கேட்டால், கீழே இருப்பவருக்கு மரியாதையான பதில் ஒன்றுதான் உண்டு. அதற்குப் பதிலாக "அண்ணே, இதுல எது மொதல்ல மாட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். மாட்டும் என்பது முடிவான விஷயம், எது என்பதுதான் கேள்வி என்று ஆகிவிடுகிறது. அவர் மறுக்க வேண்டியதில்லை, தன் அனுபவத்தைச் சொன்னால் போதும். இல்லாவிட்டால் "இதைக் கையில எடுத்தா எதை நிறுத்தணும்?" என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். உங்கள் பாணிக்காரர்களுக்கு மூன்று விநாடி மௌனமே தாங்காது, உடனே நீங்களே பதிலையும் சொல்லிவிடுவீர்கள். ஒரு பத்து விநாடி டீயை ஊதிக்கொண்டிருங்கள். அவர் கெட்ட செய்தி ஏதாவது சொன்னால், அதன் பலனாகத் தேதியிலோ வேலைப் பங்கீட்டிலோ கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றையாவது மாற்றுங்கள். ஒரு தடவை அப்படி நடந்துவிட்டால் அடுத்த தடவை அவரே வந்து சொல்வார். சொன்னதற்கு "அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்ண்ணே" என்று நீங்கள் 'லாம்' போட்டீர்கள் என்றால், கதை முடிந்தது.

அவரை 'எஸ்' என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் எங்கள் பழைய தொழிற்சாலையில் இருந்த ஒரு ஃபிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அசெம்ப்ளியில் பதினைந்து வருடம். மேனேஜர் கேட்டால் "ஆகட்டுங்க", சூப்பர்வைசர் கேட்டாலும் "ஆகட்டுங்க". நானே அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிதான அட்டையைக் கொடுத்தேன். அந்த வருடம் ஆயுத பூஜை வேலையை அவரிடம் விட்டார்கள். மனிதரை அடையாளமே தெரியவில்லை. வாழைக்கன்று எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த மெஷினை யார் துடைப்பது, பொரிகடலைப் பொட்டலம் எத்தனை என்று ஒரே அதட்டல். மேனேஜரையே "சார், நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க" என்று நகர்த்தினார். மேனேஜரும் நகர்ந்தார். மறுநாள் காலை எட்டரை மணிக்கு மறுபடியும் "ஆகட்டுங்க".

ஆள் மாறவில்லை. பூஜை அவருக்குச் சாதகமான இடம், அங்கே அவர் பலமானவர். அசெம்ப்ளி லைனில் அவர் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் மூன்று பேர் கருத்து சொல்வார்கள். மார்ஸ்டனின் இரண்டு கேள்விகளும் அங்கேயே பதிலோடு நின்றன. நான்தான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் ஒரு புது மாடல் பம்ப் அசெம்ப்ளிக்கு வந்தபோது, எந்த வரிசையில் மாட்டுவது என்பதை முழுக்க அவரிடமே விட்டுப் பார்த்தோம். பூஜை நாள் குரலில் பாதியாவது லைனில் கேட்டது. உங்கள் மூத்தவர் எந்த இடத்தில் குரல் உயர்த்துகிறார் என்று விசாரியுங்கள். பழைய புராஜெக்ட்டாக இருக்கலாம், கிரிக்கெட்டாக இருக்கலாம், கேன்டீன் கமிட்டியாக இருக்கலாம். நிச்சயம் ஒன்று இருக்கும்.

'ஐ', அதாவது பேசி மற்றவர்களை இழுக்கிறவர், என்று அட்டை வாங்கியவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் அதிகம் சொல்லப்போவதில்லை. என் சாதிசனம். சுவாரசியமாகப் பேசுவோம், பேசியதில் பாதியை மறந்துவிடுவோம். பேசி முடித்ததும் என்ன ஒப்புக்கொண்டோம் என்பதை இரண்டு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், போதும்.

கடைசியாக உங்கள் 'டி'. டீம் லீட் ஆகி நான்கு மாதத்தில் யார் இந்தக் கேள்வித்தாளை நிரப்பினாலும் கொஞ்சம் 'டி' தூக்கலாகத்தான் வரும் என்பது என் அனுபவம். பயம் அப்படி. வேலையை வாங்கிக் காட்ட வேண்டும், மேலே பதில் சொல்ல வேண்டும், நேற்று வரை வாடா போடா என்றவர்கள் இன்று கேட்பார்களா என்ற சந்தேகம் வேறு. அதுவும் பாதகமான சூழல்தான். உங்கள் கடைசி இருபது மெயில்களை எடுத்துப் பாருங்கள். 'ஸ்டேட்டஸ்?' என்ற ஒற்றைச் சொல், இரவு ஒன்பதரைக்கு, எத்தனை இருக்கிறது? உங்களுக்கு அது நேரம் மிச்சம். வாங்குகிறவருக்கு அது குற்றப்பத்திரிகை. 'நாளை காலை மீட்டிங்கில் கேட்பார்கள், அதற்காகக் கேட்கிறேன், காலையில் சொன்னால் போதும்' என்று எழுத எத்தனை விநாடி ஆகும்?

அட்டையை மேஜை மேல் வைப்பது பற்றி: வேண்டாம். வைத்தால் நீங்கள் கத்துவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகிவிடும், மூத்தவர் வாயைத் திறக்காததற்கு அவருடைய அட்டை சாட்சி ஆகிவிடும். ஹெச்.ஆர். வந்து எங்கே என்று கேட்டால் டிராயரைத் திறந்து காட்டுங்கள். என்னுடையது மஞ்சள் நிறம், பதினோரு வருடமாக பர்ச்சேஸ் ரிஜிஸ்டரில் பக்கம் அடையாளத்துக்கு வைத்திருந்தேன்.